ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன்: கேட்டர்ஹாம், லோட்டஸ் வண்டிகளுக்கு அந்தக் கணக்கு சரியா வருமா?

#1 நாலாம்கியர்

இங்கிலாந்துல செய்யற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கேட்டர்ஹாம் 270-ஓட விவரத்தாளைப் பார்த்துட்டு இதை எழுதறேன். ஃபோர்டு சிக்மா 1.6 லிட்டர் எஞ்சின், 135 குதிரைத்திறன், டர்போ கிடையாது. எடை 540 கிலோ. நின்ன இடத்துலேர்ந்து 60 மைல் வேகம் 5 விநாடியில. இதே 135 குதிரைத்திறன் இருக்கிற நம்ம ஊர் செடான் அந்த வேகத்துக்கு வர கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் எடுத்துக்கும்.

எடைதான் காரணம், அது தெரியும். என் கேள்வி வேற. இந்தக் கம்பெனி வண்டிக்கு வைக்கிற பேரே சுமாரா "டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன்"ங்கற எண்தான்: 170, 270, 420, 620. அப்ப அந்த எண் சமமா இருந்தா 540 கிலோ வண்டியும் 1,500 கிலோ வண்டியும் ஒரே மாதிரி ஓடணும் இல்லையா? 375 குதிரைத்திறன் உள்ள 1,500 கிலோ செடான் எதுவா இருந்தாலும் 270-க்குச் சமம்னு சொல்லிடலாமா?

#2 பல்சக்கரம்

சொல்ல முடியாது. எங்கே இடிக்குதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

அந்த எண்ணுல ஓட்டுறவர் இல்லை. கேட்டர்ஹாம் 170-ஐ எடுத்துக்குங்க: சுஸுகியோட 660 சிசி மூணு சிலிண்டர் டர்போ, 84 குதிரைத்திறன், 440 கிலோ. காகிதத்துல டன்னுக்கு 191. எண்பது கிலோ ஆள் உள்ளே உட்கார்ந்தா 161. பக்கத்துல இன்னொரு எண்பது கிலோ ஏறினா 140. கால் பங்குக்கு மேல போச்சு. 300 குதிரைத்திறன், 1,500 கிலோ வண்டியில அதே ரெண்டு பேர் ஏறினா 200-லேர்ந்து 181-தான் ஆகும். இலேசான வண்டியில பக்கத்து சீட் நண்பர்தான் பெரிய பார்ட்ஸ்.

அடுத்தது காற்று. இதுதான் உங்க கேள்விக்கு நேரான பதில். செவன் (கேட்டர்ஹாம் 170, 270 எல்லாத்துக்கும் பொதுப் பேர்) மாதிரி சக்கரம் வெளியே தெரியற வண்டியோட இழுவைக் கெழு, அதாவது உருவம் காற்றை எவ்வளவு எதிர்க்குதுங்கற எண், 0.7 பக்கம். முகப்புப் பரப்பு 1.3 சதுர மீட்டர்னு வைங்க. 144 கிமீ வேகத்துல காற்றைத் தள்ளவே 47 குதிரைத்திறன் போகும். 180-ல 91. நீங்க சொன்ன செடானுக்கு 0.28, 2.2 சதுர மீட்டர்னு போட்டா 180-ல 62 போதும்.

இப்ப மிச்சத்தைப் பாருங்க. 180-ல 270-கிட்ட மிஞ்சுறது 44 குதிரைத்திறன். டயர் உருளுற இழப்பை இன்னும் கழிக்கவே இல்லை. செடான்கிட்ட மிஞ்சுறது 313. ஓட்டுறவரோட சேர்த்து டன்னுக்குப் போட்டா செவனுக்கு 71, செடானுக்கு 198. விவரத்தாள்ல சமமா இருந்த ரெண்டு வண்டி! 270-ன் உச்ச வேகம் 122 மைல்ல நிக்கறது இதனாலதான். காற்றுக்கு எடை தெரியாது, உருவம்தான் தெரியும்.

#3 சில்லு

நான் லண்டனில இருக்கிறன், ரெண்டு விதமும் ஓடிப் பாத்திருக்கிறன். பல்சக்கரம் அண்ணை போட்ட கணக்கு ரோட்டில அப்பிடியே தெரியும். லண்டனைச் சுத்திப் போற எம்25 மோட்டர்வேயில 70 மைலில போகேக்க பக்கத்தில இருக்கிறவரோட கதைக்கேலாது. லொறி ஒண்டு பக்கத்தால போனா அதின்ர சில்லு உங்கட தலை மட்டத்தில சுத்தும். பயம் எண்டா அது பயம்.

ஆனா கென்ற் பக்கம் ஒரு பி ரோட்டில (சின்ன நாட்டுப்புற ரோட்டு) 45 மைலில விட்டுப் பாருங்கோ. அதில வாற சந்தோசம் பெரிய எஞ்சின் கார் ஒண்டில வரவேணுமெண்டால் நீங்கள் 90-ல போகவேணும், பிறகு லைசென்ஸ் இராது.

#4 லேத்துப்பட்டறை

கோயமுத்தூர்லேருந்து ஒரு சந்தேகமுங்க. நேர்ரோட்டுக் கணக்கு சரி. ஆனா இலேசான வண்டின்னா வளைவுல பறக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எப்படி? பாலிடெக்னிக்ல படிச்சதை வெச்சுப் பார்த்தா, வளைவுல வேணும்ங்கற விசை எடைக்கு ஏத்த மாதிரி கூடும். டயர் கொடுக்கற உராய்வும் எடைக்கு ஏத்த மாதிரிதான் கூடும். ரெண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போகுதில்லீங்களா? பிரேக்குக்கும் அதே கதைதான். அப்புறம் 500 கிலோ என்ன, 1,500 கிலோ என்ன?

#5 பல்சக்கரம்

@லேத்துப்பட்டறை நல்ல கேள்வி. உங்க சமன்பாடு சரி, ரப்பர்தான் அதுக்குக் கட்டுப்படாது. டயர் மேல பாரத்தை ரெண்டு மடங்காக்கினா பிடிமானம் ரெண்டு மடங்காகாது, அதுக்குக் குறைவாத்தான் ஏறும். பாரம் கூடக்கூட உராய்வுக் கெழு இறங்கிக்கிட்டே வரும். அதனால ஒரே டயரைப் போட்டு ஓட்டினா இலேசான வண்டிக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கிற பிடி அதிகம்.

வளைவுல உள்பக்கச் சக்கரத்து பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறும். வெளிப்பக்கம் கூடுற பிடி, உள்பக்கம் இழக்கிற பிடியை ஈடு கட்டாது. காரணம் அதேதான். எடையும் குறைவு, உட்கார்ற இடமும் தரைக்கு ஒரு சாண் மேலன்னா இந்த மாற்றமும் குறையும்.

பிரேக்குல தூரத்தைவிட சூடுதான் பெரிய விஷயம். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர் விகிதம். மூணுல ஒரு பங்கு நிறைன்னா டிஸ்க் விழுங்க வேண்டிய வெப்பமும் மூணுல ஒரு பங்கு. டிராக்ல சுத்து கூடக்கூட பெரிய வண்டிக்காரர் பிரேக் மணம் பிடிச்சுக்கிட்டே பிட்டுக்கு வருவார், செவன்காரர் ஓட்டிக்கிட்டே இருப்பார்.

#6 லேத்துப்பட்டறை

சரிங்க. அப்ப பெரிய வண்டிக்கு அகல டயர் போட்டுட்டா தீர்ந்துது. போடத்தானே போடறாங்க?

#7 பல்சக்கரம்

போடறாங்க, பிடியும் வருது. பில்லும் வருது. அகல டயருக்குப் பெரிய வீல், அதைத் தாங்க கனமான ஹப், அந்தச் சுமையைப் பள்ளத்துல அடக்க கெட்டி ஸ்பிரிங், ஸ்டீயரிங்கைத் திருப்ப பவர் உதவி, அதுக்கு ஒரு மோட்டார். ஒவ்வொண்ணும் அடுத்ததைக் கூட்டிக்கிட்டு வரும். லோட்டஸோட ஸ்போர்ட்ஸ் கார் எலிஸ் இருக்கே, முதல் எலிஸோட முன் டயர் 185/55, 15 அங்குலம். நம்ம ஊர் ஹேட்ச்பேக் அளவு. பவர் ஸ்டீயரிங் இல்லை, தேவையும் இல்லை.

இன்னொரு விஷயம் ஸ்பிரிங். உடம்பு இலேசா இருந்து சேஸி முறுக்கு தாங்கினா ஸ்பிரிங்கை மிருதுவா விட்டுட்டு, ஆட்டத்தை டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பார்த்துக்கட்டும்னு விடலாம். லோட்டஸ் ரொம்ப காலமா செய்யறது அதுதான். எலிஸ்ல முதல்முறை உட்கார்றவங்க ரோட்டு மேடுபள்ளத்துல அது இவ்வளவு மெத்துன்னு போகுதேன்னு ஆச்சரியப்படுவாங்க. ஸ்போர்ட்ஸ் கார்னா இடுப்பு ஒடியணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு இல்லையா, அது கனமான வண்டிகள் கிளப்பி விட்டது.

#8 நார்ஃபோக்_எஸ்1

என்கிட்ட முதல் தலைமுறை எலிஸ் இருக்கு. லோட்டஸ் தொழிற்சாலை இருக்கிற ஹெதல் எனக்குப் பக்கம்தான். பழைய விமானத்தளம் அது, 1966-ல அங்கே குடிவந்தாங்க.

பேச்சு முழுக்க "எடை குறைவு"ன்னே போகுது. அதை எப்படிக் குறைச்சாங்கன்னு யாரும் கேக்கலை. 1996-ல விற்பனைக்கு வந்த எலிஸோட சேஸி 68 கிலோ. முழு வண்டியும் 725 கிலோவை ஒட்டி. கே சீரீஸ் 1.8 ரோவர் எஞ்சின், 118 குதிரைத்திறன். கார்பன் ஃபைபர் கிடையாது. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன்களை (அச்சு வழியா நீளமா இழுத்த சட்டங்கள்) வெட்டி, பசை போட்டு ஒட்டினாங்க. சேஸியைச் செய்தது டென்மார்க்ல டோண்டர் ஊர்ல இருந்த ஹைட்ரோ அலுமினியம். வடிவமைப்பு ஜூலியன் தாம்சன், சேஸிக்குப் பின்னால இருந்த பொறியாளர் ரிச்சர்ட் ராக்கம். அன்னைக்கு கம்பெனித் தலைவரா இருந்த ரொமானோ ஆர்ட்டியோலியோட பேத்தி எலிஸா பேர்தான் வண்டிக்கு.

#9 லேத்துப்பட்டறை

பசையா? நாங்க தினம் அலுமினியம் டிக் வெல்டிங் அடிக்கறோம். சுத்தமா நிக்குதே. எதுக்குங்க பசை?

#10 நார்ஃபோக்_எஸ்1

@லேத்துப்பட்டறை நீங்க வெல்டிங் அடிக்கறவர், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சூட்டுப் பதம் ஏத்தின 6000 வரிசை அலுமினியத்துல வெல்டிங் சூடு பட்ட ஓரத்துல அந்தப் பதம் போயிடும். அந்த இடத்துல பலம் மூணுல ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் இறங்கும். அதை ஈடு கட்ட சுவரைத் தடிமனாக்கணும். மூட்டுல வேணும்ங்கற தடிமனுக்காக முழு நீளமும் தடிமனா இழுக்கணும், எடை ஏறிடும். சூட்டுல வளையறது தனிக் கதை, ஜிக்ல போட்டு நிமிர்த்தியாகணும்.

எபாக்ஸிப் பசைன்னா அந்தச் சூடு இல்லை. ஓவன்ல வெச்சு இறுக்கற சூடு பதத்தைக் கெடுக்காது. மெல்லிய சுவரை வெச்சே பெரிய பெட்டிக் குறுக்குவெட்டு போடலாம். முறுக்கு தாங்கறது பெரும்பாலும் அந்தப் பெட்டியோட அளவைப் பொறுத்தது. சுமை ஒரு புள்ளியில குவியாம மூட்டு முழுக்கப் பரவும். ஒட்டறதுக்கு முன்னால அனோடைஸ் பண்ணி மேற்பரப்பைத் தயார் பண்றதுலதான் சூட்சுமம் எல்லாம். அதுல சோம்பினா எந்தப் பசையும் நிக்காது.

பசைக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கவாட்டுல இழுத்தா மலை மாதிரி நிக்கும், ஓரத்திலிருந்து உரிச்சா வந்துடும். மோதல்ல நடக்கறது அந்த உரிப்புதான். அதனால மூட்டோட முனைகள்ல திருகாணியும் சேர்த்துப் போட்டிருக்காங்க. பின்னால எஞ்சின் பக்கம் கால்வனைஸ் பண்ண ஸ்டீல் சப்ஃபிரேம், முன்னால மோதலுக்கு நொறுங்கிக் கொடுக்க ஃபைபர் கட்டமைப்பு. எந்த இடத்துக்கு எது வேணுமோ அது.

இதுக்கெல்லாம் விலை நீங்க உள்ளே ஏறும்போது தெரியும். பெட்டிக் குறுக்குவெட்டு உங்க ரெண்டு பக்கமும் ஓடுது இல்லையா, அதைத் தாண்டித்தான் உட்காரணும். கூரை போட்டிருந்தா யோகாசனம்தான். ரெண்டாம் தலைமுறையில அந்த ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாங்க.

#11 லேத்துப்பட்டறை

இப்பப் புரியுதுங்க. அடிபட்டா?

#12 நார்ஃபோக்_எஸ்1

அலுமினியத் தொட்டி, அதாவது அந்த ஒட்டின சேஸி, வளைஞ்சா நிமிர்த்தறதுன்னு ஒண்ணு கிடையாது. தொட்டியையே மாத்தணும். பெரும்பாலும் இன்ஷூரன்ஸ்காரங்க வண்டியைக் கழிச்சுக் கட்டிடுவாங்க. பழைய எலிஸ் வாங்கறவங்க பெயின்ட்டைப் பார்க்காம குனிஞ்சு அடியைப் பார்க்கணும்னு சொல்றது அதுக்குத்தான். சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடத்துல சுருக்கம் தெரிஞ்சா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

#13 மழைக்காலன்

எல்லாரும் புகழ்றீங்க, எலிஸோட கே சீரீஸ் எஞ்சின்ல அடிக்கடி போற ஹெட் கேஸ்கெட்டைப் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை பாருங்க.

#14 நார்ஃபோக்_எஸ்1

திறக்கறேன். அந்த எஞ்சின் நூறு கிலோவுக்குள்ள எடை, அந்தக் காலத்துக்கு அது சாதனை. ஹெட், பிளாக், கீழ்ப்பகுதி எல்லாத்தையும் நீள நீளமான போல்ட் ஊடுருவிப் பிடிக்கும். சிக்கல் கூலண்ட்ல. உள்ளே தண்ணி கொஞ்சம்தான். தெர்மோஸ்டாட் இருக்கிறது எஞ்சினுக்குள்ள தண்ணி நுழையற பக்கம். எலிஸ்லயும் அதே எஞ்சின் போட்ட எம்ஜி எஃப் கார்லயும் எஞ்சின் நடுவுல, ரேடியேட்டர் முன்னால. நீளக் குழாய்ல ஆறிப்போய்க் கிடக்கிற தண்ணி தெர்மோஸ்டாட் திறந்ததும் சூடான எஞ்சினுக்குள்ள மொத்தமா பாயும். அந்த அதிர்ச்சியை கேஸ்கெட் எத்தனை தடவை தாங்கும்? பிற்பாடு பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், மாத்தின தெர்மோஸ்டாட் எல்லாம் வந்தது. சூடாகற வரைக்கும் மிதிக்காம ஓட்டறவங்க வண்டி நல்லாத்தான் ஓடுது.

2004-ல எலிஸ் 111ஆர் வந்தப்ப டொயோட்டாவோட 1.8 எஞ்சின், 189 குதிரைத்திறன். கேஸ்கெட் கவலை போச்சு. எடை 860 கிலோ ஆச்சு.

#15 சில்லு

இந்த இடத்தில லோட்டஸைத் தொடங்கின கொலின் சாப்மனைப் பற்றிக் கதைக்காமல் போகேலாது. ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போற ஆக்களுக்கு ஹோர்ன்சி தெரியும், கிட்டத்தான். அங்க தகப்பன்ர பப்புக்குப் பின்னால இருந்த குதிரை லாயத்திலதான் லோட்டஸ் தொடங்கினது. 1948-ல பழைய ஒஸ்ரின் செவன் ஒண்டை உடைச்சுத்தான் முதல் கார். போர் முடிஞ்ச காலம், பெரிய எஞ்சினுக்குக் காசு இல்லை. எடையைக் குறைக்கிறது அப்ப கொள்கை இல்லை, வேற வழி இல்லை.

1957-ல லோட்டஸ் செவன். கிற்றாக வாங்கி வீட்டில பூட்டினால் கொள்வனவு வரி இல்லை, அதால இளம் பெடியள் வாங்கினவை. 1973-ல வற் (VAT) வரி வந்து அந்தச் சலுகை போக, லோட்டஸ் அந்தக் காரை விட்டிட்டுது. வித்துக்கொண்டிருந்த டீலர் கிரகாம் நேர்ண் உரிமையை வாங்கினார். அவற்ற கராஜ் இருந்த ஊர் கேட்டர்ஹாம். இப்ப உரிமை ஜப்பான்காரற்ற கையில, கார் செய்யிறது இன்னும் டார்ட்ஃபோர்ட்டில. இண்டைக்கும் கிற்றாக வாங்கலாம்.

#16 பல்சக்கரம்

சாப்மன் விஷயத்துல எனக்குப் பிடிச்சது எடை குறைச்சது இல்லை, அதைக் குறைச்ச விதம். ஒரே பாகத்தை ரெண்டு வேலை வாங்குவார். 1957 லோட்டஸ் எலீட்ல பின் சக்கரத்தைச் சுத்துற டிரைவ்ஷாஃப்ட்டே சக்கரத்தைப் பக்கவாட்டுல பிடிக்கிற இணைப்பும். தனி லிங்க் கிடையாது. அந்த வண்டி முழுக்க ஃபைபர்கிளாஸ் உடம்பே சேஸி, இழுவைக் கெழு 0.29. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கு ஷோரூம்ல நிக்கற பல வண்டியோட எண்ணைவிட அது நல்ல எண்.

1962 லோட்டஸ் எலானுக்கு வாங்க. வடிவமைச்சவர் ரான் ஹிக்மன். நடுவுல முதுகெலும்பு மாதிரி மடிச்ச ஸ்டீல் தகடு, அதுக்கு மேல ஃபைபர் உடம்பு, 1,558 சிசி ட்வின்கேம் எஞ்சின். முகப்பு விளக்கு எழும்பறது எஞ்சின் இழுக்கிற வெற்றிடத்துல. அந்த வெற்றிடத்தைச் சேர்த்து வைக்கத் தனித் தொட்டி வைப்பாங்கன்னுதானே நினைப்பீங்க? சேஸியோட முன் குறுக்குச் சட்டமே தொட்டி! உள்ளே வெறும் காலிதானே, சும்மா ஏன் கிடக்கணும்னு. கசிவு வந்தா ராத்திரியில ஒரு விளக்கு மெல்லக் கண்ணை மூடும், அது வேற விஷயம்.

மெக்லாரன் எஃப்1 செஞ்ச கார்டன் மர்ரே இன்னைக்கும் நல்ல ஸ்டீயரிங்னா எலானைத்தான் உதாரணமா சொல்வார்.

#17 மழைக்காலன்

அந்த ட்வின்கேம்ல தண்ணி பம்பு மாத்தணும்னா ஹெட்டைக் கழட்டணும். பம்பு முன் மூடியோட உடம்புலேயே இருக்கு. ரெண்டு வேலை வாங்கினா ரெண்டும் சேர்ந்துதான் கெடும். அதையும் எழுதுங்க.

இன்னொண்ணு, மழை. என் பேருக்கு ஏத்த மாதிரி நான்தான் சொல்லணும் போல. செவனுக்கு டயர்ல 18 பிஎஸ்ஐ பக்கம்தான் காற்று வைப்பாங்க, சாதாரண காருக்கு 32. தேங்கின தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் காற்றழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. போட்டுப் பாருங்க, மத்த கார் மிதக்கற வேகத்துல நாலுல மூணு பங்குலயே இது மிதக்கும். ஏபிஎஸ் இல்லை. இங்கிலாந்துல வருஷம் பூரா மழை.

#18 பல்சக்கரம்

@மழைக்காலன் ரெண்டும் சரி. மழையில மோட்டார்வேயில செவன் ஓட்டறது எனக்கும் ஆகாத வேலை.

#19 ஈசிஆர்_ராத்திரி

இங்கிலாந்தோட இன்னொரு கார் கம்பெனி மோர்கனை ஏன் விட்டீங்க? மரத்துல சேஸி பண்ணவங்களாச்சே.

#20 நார்ஃபோக்_எஸ்1

மரம் சேஸி இல்லீங்க. ஆஷ் மரச் சட்டம் உடம்புத் தகட்டைத் தாங்க மட்டும். அடியில ரொம்ப காலம் ஸ்டீல் ஏணிச் சட்டம் இருந்தது. 2019-ல வந்த ப்ளஸ் சிக்ஸ்லயும் ஒட்டின அலுமினியம்தான்.

#21 ஈசிஆர்_ராத்திரி

இப்ப இந்தியாவுலயே லோட்டஸ் எமிரா கிடைக்குதே. மூணு கோடிக்கு மேல. அதையும் இந்த லிஸ்ட்ல சேர்க்கலாமா?

#22 பல்சக்கரம்

நல்ல வண்டி. ஸ்டீயரிங்குக்கு இன்னும் ஹைட்ராலிக் உதவிதான் வெச்சிருக்காங்க, கையில ரோடு தெரியும். ஆனா 1,400 கிலோவைத் தாண்டிடுச்சு. முதல் எலிஸ் ரெண்டைத் தராசுல வெச்சா ஏறக்குறைய சமம். ஏர்பேக், மோதல் விதி, ஏசி, சத்தத் தடுப்பு, ஒவ்வொண்ணுக்கும் நியாயம் இருக்கு. நான் அதை இந்த இழையில சேர்க்க மாட்டேன். 2021-ல எலிஸ் நின்னதோட லோட்டஸ் இந்தப் பேச்சுலேர்ந்து வெளியே போயிடுச்சு. ஆயிரம் கிலோவுல புது வண்டி வேணும்னா ஹிரோஷிமாவுல மாஸ்டா எம்எக்ஸ்-5 பண்றாங்க. 1989-ல எலானைப் பார்த்துப் பண்ண ஆரம்பிச்சவங்க இன்னும் நிறுத்தலை.

#23 நாலாம்கியர்

இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கலை. நன்றி. கேட்ட காரணத்தையும் சொல்லிடறேன். வேலை விஷயமா ரெண்டு வருஷம் இங்கிலாந்து போறேன். பழைய எலிஸ் எஸ்1 (முதல் தலைமுறை) இல்லைன்னா கேட்டர்ஹாம் 170, ரெண்டுல ஒண்ணு. தினம் ஓட்ட வேற சின்ன கார் இருக்கும். எதுக்குப் போகலாம்?

#24 நார்ஃபோக்_எஸ்1

எஸ்1 வண்டி எல்லாம் இருபத்தஞ்சு வயசு தாண்டியாச்சு, விலையும் ஏறிக்கிட்டே போகுது. பின்னால சப்ஃபிரேம் துரு, கூலண்ட் குழாய், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் பார்த்து எடுத்தா பயமில்லை. ஆரம்ப வண்டிகள்ல அலுமினியக் கலவை பிரேக் டிஸ்க் இருந்தது, சீக்கிரமே இரும்புக்கு மாத்திட்டாங்க. பழைய டிஸ்க் அப்படியே இருந்தா மாத்தற செலவையும் கணக்குல வைங்க. ஒரு நல்லது, மழை வந்தா கூரை போட்டு ஹீட்டரோட வீட்டுக்கு வந்துடலாம்.

#25 சில்லு

தம்பி, ரெண்டு வரியம்தான் எண்டா 170-ஐ எடுங்கோ. பின்னால லைவ் அக்சில் (ரெண்டு பின் சில்லும் ஒரே அச்சில), ஒல்லி ரயர், 84 குதிரை. ஸ்பீட் லிமிட்டுக்கு உள்ளயே முழு எஞ்சினையும் பாவிக்கலாம். ஜப்பானில கெய் கார் (அங்கத்தைய ஆகச் சின்ன கார் வகை) விதிக்குள்ள வாற அளவு சின்ன கார் அது. விக்கேக்கயும் பெரிசா நட்டம் வராது, வாங்க ஆள் நிக்கும்.

#26 பல்சக்கரம்

170-க்கு என் ஓட்டும். ஒரு நிபந்தனை: வாங்கறதுக்கு முன்னால உட்கார்ந்து பாருங்க. சாதா சேஸி ரொம்ப ஒடுக்கம். பெரிய ஆளுங்களுக்காக எஸ்வின்னு அகலச் சேஸி உண்டு, ஆனா 170 ஒடுக்கமான சேஸியில மட்டும்தான் வரும், கெய் கார் அகலத்துக்குள்ள அடங்கணும் இல்லையா. உங்க உயரம் என்ன?

#27 நாலாம்கியர்

ஆறடி. 11 நம்பர் ஷூ.

#28 சில்லு

உயரம் பறவாயில்லை. காலுக்குத்தான் கஷ்டம், மூண்டு பெடலும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்கும். கார் ஓடுற மெல்லிய சப்பாத்து ஒண்டு வாங்கிக்கொண்டு டார்ட்ஃபோர்ட்டுக்கு வாங்கோ. தடிச்ச பூட்ஸோட போனா பிரேக்கை மிதிக்கேக்க அக்சிலேட்டரும் சேந்து போகும். டெஸ்ட் டிரைவ் தாற ஆக்களும் முதல் உங்கட காலைத்தான் பாப்பினம்.